குலவைக்கு விலக்கு இல்லை

அரசாங்க அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். அதிலும் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். மும்பை தாராவியில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி தளவாய்க்குத் தெரியாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தளவாய் தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் ஒரு பட்டறையில் தோல்பை தைக்கிறவர். மகள் கீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மாரீஸ்வரன், டிராம்பே பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரம். கல்யாணம் நடத்த வேண்டுமென்றால் வாய்-மூக்கு ஒழுங்கு அலுவலகத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும்.

அந்த அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பில் அதைத் திறந்திருந்தார்கள். பெரிய பெரிய அதிகாரிகள் சின்னச் சின்ன பெஞ்சுகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரில் மராத்தி அரிச்சுவடி. அதற்கு மேலே, 'உங்கள் வாய், எங்கள் பொறுப்பு' என்று ஒரு பலகை. மாஸ்க் போடாதவர்களைப் பிடிப்பது, அபராத ரசீது கிழிப்பது, எத்தனை பேரைப் பிடித்தோம் என்று மேலிடத்துக்குச் சொல்வது ஆகியவை அலுவலகத்தின் பணிகள். மாஸ்க் கொடுப்பது அதன் பணி அல்ல. அதற்குத் தனியாக ஒரு அலுவலகம் வரும் என்றார்கள். அது இன்னும் வந்தபாடில்லை.

வாசலில் காவலாளி தளவாயின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அட்டையில் இருக்கும் முகமும் வந்திருக்கும் முகமும் ஒன்றுதானா என்று சோதிக்க வேண்டும், மாஸ்க்கை இறக்கு என்றார். தளவாய் இறக்கினார். அதே பெஞ்சில், காவலாளியின் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்த மார்ஷல் அர்பாஸ், மாஸ்க் போடாதவர்களைப் பிடிக்கிறவன், எழுந்து அபராத ரசீது கிழித்தான்.

"அவர்தானே தம்பி இறக்கச் சொன்னார்?" என்று தளவாய் இந்தியில் கேட்டார்.

"இறக்கச் சொல்வது அவர் டியூட்டி, சாச்சா. இறக்கினால் பிடிப்பது என் டியூட்டி," என்றான் அர்பாஸ். பொல்லாத பையன் இல்லை. அவனுக்கும் அது விளங்கவில்லை என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு அவனும் காவலாளியும் ஒரே அரை கிளாஸ் கட்டிங் சாயைப் பாதிப் பாதியாகக் குடித்தார்கள்.

உள்ளே ஒழுங்கு அதிகாரி நகுல் இருந்தார். அவருடைய மாஸ்க் முகவாய்க்குக் கீழே ஒரு குட்டித் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாராவது உற்றுப் பார்த்தால் அவரே விளக்கம் சொல்லிவிடுவார்: "நான் மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினால், மாஸ்க் போடுங்கள் என்று நான் சொல்வது மக்களுக்கு எப்படிக் கேட்கும்?"

தளவாய்க்கு இந்தி நன்றாகவே வரும். ஆனால் அட்டையில் இருந்தது தமிழ்ப் பெயர் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவர் பேசுவதைப் புரிந்துகொள்ள நகுல் மறுத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் ஜோன்ஸ். தளவாயின் பக்கத்து வீட்டுக்காரன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வேதப் பாடம் வாசிக்கிறவன் என்பதால் அலுவலகத்துத் தமிழும் அவன் வாயில் அப்படியே வரும்.

"கல்யாணத்தில் வாய் திறக்கும் நிகழ்ச்சிகள் என்னென்ன?" என்று நகுல் கேட்டார்.

"சகோதரரே, உமது குமாரத்தியின் விவாக நாளிலே எவரெவர் எதினிமித்தம் தங்கள் வாயைத் திறப்பார்கள் என்று ஐயா வினவுகிறார்," என்றான் ஜோன்ஸ்.

சாப்பாடு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அந்தச் சந்தில் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லி அனுமதி வாங்கினார்கள். ஆனால் தளவாய், பையில் உள்தையல் ஒன்று விட்டுப் போயிருந்தால் அதையும் சொல்லித்தான் பையைக் கொடுப்பார். அப்படி ஒரு பிறவி.

"சாப்பாடு சார். அப்புறம், தாலி கட்டும்போது குலவை."

நகுலின் பேனா நின்றது. "அது என்ன?"

"பொம்பளைய நாக்கைச் சுழட்டி சத்தம் எழுப்புவாவ சார். நல்ல காரியத்துக்கு," என்ற தளவாய் விளங்கட்டுமே என்று விரலை வாய்க்கு முன்னால் அங்கும் இங்கும் ஆட்டிக் காட்டினார்.

நகுல் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார். "நாக்கா? எத்தனை நாக்கு?"

"ஆளுக்கு ஒண்ணுதான் சார்."

அன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. அறியப்படாத வாய்ச் செயல் ஒன்று கண்டறியப்பட்டிருப்பதாகவும், அதன் தன்மை ஆராயப்படும் வரை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் மனைவி ஆறுமுகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒங்களை யாரு கேட்டா? மூச்சு விடுவோம்னும் சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

அவளுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தச் சந்தில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும், சடங்கானாலும், கோயில் கொடையானாலும் முதல் குலவை ஆறுமுகத்தாயினுடையது. இரண்டாவது குலவை பக்கத்து வீட்டு லூசியம்மாளுடையது, அதாவது ஜோன்ஸின் அம்மா. ஒருத்தி சாமி கும்பிடப் போவாள், மற்றவள் மாதா கோயில் பூசைக்குப் போவாள், குலவைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒன்று. ஆறுமுகத்தாய் மூச்சு வாங்கும் இடத்தில் லூசியம்மாள் எடுப்பாள். அவள் வாங்கும் இடத்தில் இவள் எடுப்பாள். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சு மாதிரி இருக்கும். போன வருஷம் முதல் அலையில், காசு கொடுத்தாலும் கடையில் மாஸ்க் கிடைக்காத நாளில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போன லூசியம்மாளை அந்த அலுவலகத்துக்காரர்கள்தான் பிடித்தார்கள். முந்தானை மாஸ்க் ஆகாது என்று ரசீது கொடுத்தார்கள். அடுத்த வாரமே காய்ச்சல். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து ஆறுமுகத்தாய் மாஸ்க் இல்லாமல் குப்பை கொட்டக்கூடப் போவதில்லை. பட்டறையில் மிஞ்சும் பருத்தித் துணியில் தைத்து, பையில் எப்போதும் கூடுதலாக நாலைந்து வைத்திருப்பாள். மாஸ்க்கோடு அவளுக்கு ஒரு சண்டையும் கிடையாது. பெற்ற மகளின் தாலிக்கு ஒரே ஒரு குலவை. அவ்வளவுதான் அவள் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பார்வதியம்மாள் போன் போட்டாள். "மதினி, கூட்டம் கொறஞ்சாலும் பரவாயில்ல, மேளம் இல்லாட்டாலும் பரவாயில்ல. குலவை இல்லாம தாலி ஏறுச்சுன்னா நாளைக்கு ஒரு தலைவலின்னாலும் எங்க சனம் எம் மருமவளைத்தான் சொல்லும். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம் பாத்துக்கிடுங்க."

"டென்ஷன் மத் லோ அம்மா, கவலைப்படாத," என்றாள் கீதா. "நீ இப்பவே குலவை போடு, நான் மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிக்கிறேன். தாலி கட்டுற டைம்ல ப்ளே பண்ணிடலாம்."

"நான் உசுரோட பக்கத்துல நிக்கும்போது என்னத்துக்குட்டி மிஷின்ல போடணும்?" என்றாள் ஆறுமுகத்தாய்.

விஷயம் மாட்டுங்காவுக்கும் எட்டியது. அங்கே ராமசேஷன் என்பவர் வீட்டில் ஆறுமுகத்தாய் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்ற பெரிய ஆபீசர். தனிமனித முக உரிமைச் சங்கம் என்று ஒன்றை வாட்ஸ்அப்பில் நடத்திவந்தார். அவரே தலைவர், அவரே செயலாளர். மற்றவர்கள் கைகூப்பும் படம் போடுகிறவர்கள். சங்கதி தெரிந்ததும் போனிலேயே முழங்கினார்.

"ஆறுமுகம், உன் முகம் உன்னோட சொத்து! அதை மறைக்கச் சொல்ல எந்த சர்க்காருக்கும் அதிகாரம் கிடையாது. நீங்க யாரும் மாஸ்க்கே போடாம கல்யாணத்தை நடத்துங்கோ. அரெஸ்ட் பண்ணட்டும். நன்னா அரெஸ்ட் பண்ணட்டும்! நான் ஹைகோர்ட்டுக்குப் போறேன். இந்த தேசத்துக்கே இது ஒரு டெஸ்ட் கேஸ்."

"சரிங்க சார். கல்யாணத்துக்கு நீங்களும் வந்து கூட நின்னீயன்னா நல்லாருக்கும்."

"நானா? டாக்டர் வெளில போகப்படாதுன்னுட்டார். ஆமா, நாளைக்கு வேலைக்கு வரச்சே லிஃப்ட்ல வராதே, படியேறி வா. ரெண்டு மாஸ்க் போட்டுண்டு வா. போன தடவை ஒண்ணுதான் போட்டிருந்தே, நான் பால்கனிலேர்ந்து பார்த்தேன்."

ஆறாவது மாடி அது. சுதந்திரத்துக்காகப் போராடுகிறவர்களின் வீட்டுக்குப் படி அதிகம்.

சில நாளில் ஆராய்ச்சிக்கு அழைப்பு வந்தது. குலவையின் தன்மையை அலுவலகம் நேரில் ஆராய வேண்டும், குலவை போடுபவரை அழைத்து வரவும் என்று. ஆறுமுகத்தாய் கல்யாணத்துக்குப் போவது மாதிரி சேலை மாற்றிக்கொண்டு தளவாயோடு போனாள். வாசலில் முகத்தைக் காட்டி, ரசீது வாங்கி, உள்ளே போனாள்.

வகுப்பறையின் நடுவில் பிளாஸ்டிக் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் கூட்டம். இந்தப் பக்கம் ஆறுமுகத்தாயும், தளவாயும், உயிருக்கு அஞ்சாதவன் என்று கருதப்பட்ட ஜோன்ஸும். முதலில் மாஸ்க் போட்டுக்கொண்டே குலவை போடச் சொன்னார்கள். போட்டாள். துணி வாய்க்குள் போய் நாக்கைப் பிடித்துக்கொண்டது. சத்தத்துக்குப் பதிலாக இருமல்தான் வந்தது. இருமல் கேட்டதும் திரைக்குப் பின்னால் பெஞ்சுகள் உருண்டன.

அடுத்தது மெழுகுவர்த்திச் சோதனை. வாய்க்கு ஒரு கை தூரத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார்களாம். மாஸ்க் இல்லாமல் குலவை போடும்போது சுடர் அணைந்தால் ஆபத்தான செயல். ஆடினால் சந்தேகத்துக்குரிய செயல். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினார்கள். ஆறுமுகத்தாய் மாஸ்க்கை இறக்கி, கண்ணை மூடி, மகளை நினைத்துக்கொண்டு ஒரு குலவை போட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடம் கேட்காத சத்தம் அது. சுவரில் இருந்த பல்லி ஓடிப்போயிற்று. சுடர் மட்டும் அசையவே இல்லை. குலவையில் வேலை செய்வது நாக்குதான், காற்றை யாரும் ஊதித் தள்ளுவதில்லை.

நகுல் மகிழ்ந்துபோனார். திரையை விலக்கிக்கொண்டு வந்து மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்று உரையாற்றினார். "பார்த்தீர்களா! இப்படிப் பொறுமையாக, படிப்படியாக, பாரபட்சம் பாராமல் ஆராய்வதுதான் நமது..."

மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது.

ஒரு குமாஸ்தா, 'சோதனையின்போது சுடர் அணைந்தது' என்று எழுதினார். யாரால் அணைந்தது என்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

பிறகு தீர்ப்பு. நகுல் இந்தியில் வாசிக்க ஜோன்ஸ் தமிழில் சொன்னான். "சகோதரியே, செவிகொடும். மாஸ்க் விலக்கு மூவருக்கே உண்டு. மேடையிலே உரையாற்றும் பிரமுகருக்கும், போஜனம் பண்ணுகிறவனுக்கும், புகைப்படத்துக்கு நிற்கிற அதிகாரிக்குமே. குலவையானது பேச்சும் அல்ல, பாட்டும் அல்ல, கோஷமும் அல்ல, அழுகையும் அல்ல. இன்னதென்று நாங்கள் அறியாததற்கு எங்களால் விலக்கு அளிக்கக் கூடாது. ஆகையால் விவாகம் நடக்கலாம், குலவை கூடாது."

"மொபைல்ல போட்டுக்கிடலாமா சார்?" என்று தளவாய் கேட்டுப் பார்த்தார்.

அது ஒலிபெருக்கிப் பிரிவு. வேறு அலுவலகம். அங்கேயும் முகத்தைக் காட்ட வேண்டும்.

ஆறுமுகத்தாய் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தளவாய் வாசலில் உட்கார்ந்து, உண்மை பேசிய தன் வாயைத் தானே திட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஜோன்ஸ் வந்தான். அலுவலக அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"சித்தி, ஆபீஸ்ல சொன்னது சகோதரிக்கு. இது சித்திக்கு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. சாப்புடுதவனுக்கு மாஸ்க் வேண்டாம். பேசிக்கிட்டே சாப்புட்டா குத்தம், பாடிக்கிட்டே சாப்புட்டா குத்தம். குலவை பேச்சும் இல்ல, பாட்டும் இல்லன்னு அவியளே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாவ. வெளங்குதா?"

ஆறுமுகத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டே அவனைப் பார்த்தாள். "கையில என்னத்த வச்சுக்கிட?"

"லட்டு வச்சுக்கிடுங்க. வாயில போட்டுறாதீய, நாக்கு ஓடாது."

"நீ அங்கன வேலை பாக்குத பய. ஒனக்கு ஒண்ணும் வந்துறாதா?"

"எங்கம்மைக்குக் கொடுத்த ரசீது இன்னும் எங்க வீட்டுச் செவுத்துல ஒட்டியிருக்கு சித்தி," என்றான் ஜோன்ஸ். வேறு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

கல்யாணம் சந்து முனைப் பிள்ளையார் கோயில் முன்னால் நடந்தது. அனுமதிக்கப்பட்ட ஆட்களைத் தவிர மற்றவர்கள் வரக் கூடாது என்பதால் சந்துப் பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டு வாசலிலேயே நின்றார்கள். கண்காணிக்க அர்பாஸ் வந்திருந்தான். கீதா பட்டுச் சேலைக்குப் பொருத்தமாக அம்மா தைத்த அரக்கு மாஸ்க் போட்டிருந்தாள். கண்மை மட்டும் வெளியே தெரிந்தது. ராமசேஷன் வாட்ஸ்அப்பில் ஒரு தேசியக்கொடியும் ரோஜாப்பூவும் அனுப்பியிருந்தார்.

அர்பாஸ் சந்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆறுமுகத்தாய் கையில் லட்டு. பார்வதியம்மாள் கையில் வாழைப்பழம். சரி, கல்யாணம். ஆனால் வாசலில் நின்ற பெண்கள் கையிலும் ஆளுக்கு ஒன்று இருந்தது. ஒருத்தி பாவ் ரொட்டி, ஒருத்தி பாதி இட்லி, ஒருத்தி பார்லே பிஸ்கட், ஒன்றும் கிடைக்காத ஒருத்தி ஒரு முழு வெங்காயம்.

"என்ன நடக்கிறது?" என்று ஜோன்ஸிடம் கேட்டான்.

"சாப்பிடப் போகிறார்கள்."

"எல்லாருமா? ஒரே நேரத்திலா?"

"பசி, பாய்."

மாரீஸ்வரன் தாலியை எடுத்தான். ஆறுமுகத்தாய் மாஸ்க்கை இறக்கினாள். குலவை எழுந்தது.

வெறும் நாக்குதான். அதில் எவ்வளவு இருந்தது! பெற்றது, வளர்த்தது, மூன்று மழைக்கு ஒழுகிய கூரையின் கீழ் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது எல்லாம் இருந்தது. ஓர் இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. லூசியம்மாள் எடுக்கிற இடம் அது. எடுக்க ஆள் இல்லை. குலவை அறுந்துவிட்டது. மாரீஸ்வரன் இரண்டாவது முடிச்சோடு அப்படியே நின்றான்.

அப்போது வெங்காயக்காரி எடுத்தாள். அவளைத் தொட்டு இட்லிக்காரி எடுத்தாள். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு வாசலும் குலவை போட்டது. மூன்றாவது முடிச்சு விழுந்தது. கீதா அழுத அழுகையில் அரக்கு மாஸ்க் நனைந்து கறுத்துப்போயிற்று.

அர்பாஸ் நகுலுக்குப் போன் போட்டான். அந்த உரையாடலை ஜோன்ஸ் பக்கத்தில் நின்று கேட்டான்.

"சார், சாப்பிட்டுக்கொண்டே சத்தம் போடுகிறார்கள்."

"பேசுகிறார்களா?"

"இல்லை சார்."

"பாடுகிறார்களா?"

"இல்லை சார். குலவை."

"குலவை என்று நம் பட்டியலில் ஒன்றும் கிடையாது. இல்லாத குற்றத்துக்கு ரசீது கிழித்து எனக்கு வேலை வைக்காதே. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

அர்பாஸ் போனை வைத்தான். யாரோ நீட்டிய லட்டை வாங்கி மாஸ்க்கை இறக்கினான். அந்த வருஷத்தில் அவன் யார் மேலும் எரிச்சல் இல்லாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலகங்கள் எதையும் அப்படி விட்டுவிடுவதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மேலிடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வட்டாரத்திலேயே அதிக ரசீது கிழித்ததற்காக அந்த அலுவலகத்துக்கு 'ஒழுங்குச் சிகரம்' விருது. விழாவுக்கு மேலிடத்துப் பெரியவரே வருகிறார். வட்டாரக் கலாசாரம் ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நகுலுக்கு ஞாபகம் வந்தது. குலவை. ஜோன்ஸை அனுப்பினார்.

ஆறுமுகத்தாய் வருகிறேன் என்று உடனே சொன்னது தளவாய்க்கு ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. மேடையில் இருந்த ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை, கேமரா இருந்தது. பெரியவருக்கு வலது பக்கம் நகுல். இடது பக்கம், இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கிய ராமசேஷன். அலுவலகத்தின் ஆலோசனைக் குழுவில் உரிமைப் பிரதிநிதியாக அவரைச் சேர்த்திருந்தார்கள். ஒழுங்கும் சுதந்திரமும் ஒரே தட்டிலிருந்து முந்திரி எடுத்துத் தின்றன. கீழே, வெயிலில் உட்கார்ந்திருந்த மக்கள் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஓரத்தில் அர்பாஸ் ரசீதுக் கட்டோடு நின்றான்.

"இந்தப் போரில் நாங்கள் ஒரு வாயைக்கூட விட்டுவைக்கவில்லை," என்று நகுல் முழங்கினார். "முகத்தை மூடுவதும் உரிமைதான் என்று இப்போது உணர்கிறேன்," என்று ராமசேஷன் முழங்கினார். பெரியவர் குத்துவிளக்கை ஏற்றினார். "இப்போது குலவை!" என்றார் நகுல்.

ஆறுமுகத்தாய் மேடையேறினாள். மாஸ்க்கை இறக்கவில்லை.

"சகோதரியே, மாஸ்க்கை விலக்கும் என்கிறார்," என்றான் ஜோன்ஸ். சொல்லும்போதே அவன் கண் சிரித்தது.

"வெலக்கு கெடையாதுன்னு சார்தானே கையெழுத்துப் போட்டாவ," என்றாள் ஆறுமுகத்தாய். "நான் பிரமுகரும் இல்ல, ஆபீசரும் இல்ல."

நகுல் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கல்யாணச் சங்கதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது போல. முந்திரித் தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். ஆறுமுகத்தாய் மரியாதையாக ஒரு முந்திரியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "வீட்டுல போயி சாப்புடுதேன் சார்."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேமராக்காரர்கள் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் குலவை என்று அச்சடித்தாகிவிட்டது; அச்சடித்தது நடந்தே தீர வேண்டும். நகுல் வேறு வழி தெரியாமல் தொண்டையைச் செருமினார். ஆராய்ச்சியில் பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டு, விளக்குக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து, நாக்கைச் சுழற்றினார்.

வந்தது குலவை அல்ல. காற்றும் எச்சிலும்தான் வந்தன. விளக்கின் திரிகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அணைந்தன. விளக்கைத் தாண்டிப் போனது பெரியவரின் முகத்தில் போய் விழுந்தது. ராமசேஷன் நாற்காலியோடு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பெரியவர் சட்டைப் பையைத் துழாவினார். கால்சட்டைப் பையைத் துழாவினார். மாஸ்க் இல்லை. நகுலிடம் இல்லை, ராமசேஷனிடம் இல்லை, ஒழுங்குச் சிகரம் வாங்கிய அந்த அலுவலகத்தில் ஒருவரிடமும் இல்லை. கட்டுக் கட்டாக ரசீது மட்டும் இருந்தது.

ஆறுமுகத்தாய் பையைத் திறந்து துவைத்து மடித்த பருத்தி மாஸ்க் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"போட்டுக்கிடுங்கய்யா. எங்க லூசிக்கு ஒங்க ஆபீஸ்ல ரசீதுதான் கொடுத்தாவ."

பெரியவர் அவள் சொன்னது என்ன, யார் அந்த லூசி என்று கேட்டார். ஜோன்ஸ் மைக்கை வாங்கி, அலங்காரம் எதுவும் இல்லாமல், தெருவில் பேசுகிற இந்தியில் சொன்னான்: "லூசி என் அம்மா, சார்."